“வைஃபை கிடைக்குதுங்க, ஆனா…”: பொது இணைப்பில் என்ன தொந்தரவு வந்தால் எதைப் பார்ப்பது

திருப்பூர் பக்கம் டீக்கடையைப் பேக்கரி என்றுதான் சொல்வோம். டீ, பப்ஸ், தேங்காய் பன், கல்லாவுக்குப் பின்னால் செல்லோடேப் போட்டு ஒட்டிய வைஃபை பாஸ்வேர்டு. என் செல்போன் சர்வீஸ் கடை அப்படி ஒரு பேக்கரிக்கு நாலு கடை தள்ளி இருக்கிறது. டிஸ்பிளே உடைந்தது, சார்ஜ் ஏறாதது இரண்டுக்கும் அடுத்தபடியாக என் மேஜைக்கு வரும் புகார், “வைஃபைல போட்டதிலிருந்து என்னமோ ஆயிப்போச்சுங்க” என்பதுதான். அந்த ‘என்னமோ’ எது என்று நோண்டிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கேட்டுக் கேட்டுப் பிடிபட்டதை, திரையில் தெரிவதை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் தொந்தரவை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு பழைய பயத்தைப் பற்றி. “பொது வைஃபையில் நீங்கள் அடிப்பதையெல்லாம் பக்கத்து மேஜைக்காரன் படித்துவிடுவான்” என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2010-ல் அது நிஜம். அந்த வருடம் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன மென்பொருள் வந்தது. திறந்த வைஃபையில் உட்கார்ந்தபடி பக்கத்து ஆளின் ஃபேஸ்புக்குக்குள் அவராகவே நுழைய முடிந்தது. அப்புறம் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அதாவது போவதையும் வருவதையும் பூட்டி அனுப்பும் முறைக்கு, மாறின. ஃபேஸ்புக் 2013-ல் எல்லோருக்கும் மாற்றியது. இன்றைக்கு உங்கள் போனுக்கும் வங்கிக்கும் நடுவே போவது பூட்டிய பெட்டி. பேக்கரி வைஃபை பஸ் கண்டக்டர் மாதிரி: நீங்கள் அவிநாசியில் இறங்குவீர்களா பெருமாநல்லூரில் இறங்குவீர்களா என்று அவருக்குத் தெரியும், மஞ்சப்பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே இப்போதெல்லாம் திருடுகிறவன் உங்கள் கையாலேயே பையைத் திறக்க வைக்கப் பார்க்கிறான். கீழே இருப்பவற்றில் பாதி இந்த வகை.

“கனெக்ட் ஆகுதுங்க, ஆனா ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குதுங்க”

இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, வாசல் திறக்கவில்லை, அவ்வளவுதான். ரயில் நிலையம், ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, லாட்ஜ் மாதிரி இடங்களில் வைஃபை பிடித்ததும் முதலில் ஓர் உள்நுழைவுப் பக்கம் வரவேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு ஸ்டேஷன்களில் இருக்கும் ரெயில்வயர் அப்படித்தான்: போன் நம்பர் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி, தினமும் முதல் அரைமணி நேரம் இலவசம், அதற்கு மேல் காசு. அந்தப் பக்கம் வராவிட்டால் இந்தத் திண்டாட்டம்.

முதலில் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்பதைப் பாருங்கள்; ஒரு தளம் எங்கே இருக்கிறது என்று போன் எந்த சர்வரிடம் கேட்கவேண்டும் என்பதை நாமே எழுதும் இடம் அது. விளம்பரம் வராமல் இருக்கும் என்று யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டு அதில் ஒரு பெயரை எழுதி வைத்து, வைத்ததையே மறந்திருப்பீர்கள். பெயர் எழுதிவிட்டால் போன் அந்த ஒரு சர்வரிடம் மட்டுமே வழி கேட்கும். ஓடிபி போடும் வரை அந்த சர்வரை எட்டவும் முடியாது. ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, உள்ளே போனபின் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொருவர் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடினால் அதையும் இதே மாதிரி. அதற்கும் மசியவில்லை என்றால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடியுங்கள். வேண்டுமென்றே பூட்டுப் போடாமல் விட்டிருக்கும் தளம் அது. உள்நுழைவுப் பக்கம் அந்த இடத்தில் வந்து நிற்கும்.

தினமும் போகிற இடத்திலேயே தினமும் ஓடிபி கேட்கிறது என்பவர்களும் வருகிறார்கள். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், போன் தன் நிஜ வன்பொருள் முகவரியைக் காட்டாமல் வைஃபைக்கு ஒரு புனைமுகவரியைத் தருகிறது. அது மாறினால் வாசல்காரனுக்கு நீங்கள் புது ஆள். ஓடிபி அடிக்கும் சலிப்புக்காக அந்த வசதியை அணைத்துவிட வேண்டாம்.

“செவப்பா ஒரு முக்கோணம் வருது சாமி”

போன மாதம் ஒரு பெரியவர், பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர், பேக்கரி பெஞ்சிலிருந்து எழுந்து நேரே கடைக்கு வந்தார். “ஏஞ்சாமி, பேங்க்கைத் தொறந்தா செவப்பா என்னமோ வருது. கீழ தட்டுனா உள்ள போயிருமுங்கறான் டீ மாஸ்டரு. தட்டட்டுமா?”

“தட்டீராதீங்கய்யா, இப்படிக் குடுங்க.”

சிவப்பு முக்கோணம், இணைப்பு பாதுகாப்பாக இல்லை என்று நாலு வரி, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் யாரும் படிக்காத ஓர் ஆங்கில வரி. விஷயமே அந்த வரியில்தான் இருக்கும். அவருடையதில் ‘சர்ட் டேட் இன்வேலிட்’ என்று இருந்தது. மேலே தேதியைப் பார்த்தேன்: மூன்று வருடம் பின்னால் நின்றது. யாரிடமோ பேட்டரி மாற்றியிருக்கிறார், தேதி பின்னால் போய்விட்டது, தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி அணைந்து கிடந்தது. ஒவ்வொரு தளமும் தான் இன்னார் என்று போனுக்குக் காட்டும் சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. போனின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. சில போன்களில் கடிகாரம் தப்பு என்று நேராகவே சொல்லிவிடும். தேதியைச் சரி செய்ததும் வங்கி திறந்தது. பேக்கரி வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதே இடத்தில் ‘காமன் நேம் இன்வேலிட்’ என்று வந்தால், கிடைத்த சான்றிதழ் வேறொரு பெயரில் இருக்கிறது என்று பொருள். ஓடிபி போடாமலே ஜிமெயிலைத் திறந்தால் இப்படி வருவது உண்டு. வாசல்காரன் குறுக்கே கையை நீட்டுகிறான், அவனிடம் ஜிமெயிலின் சான்றிதழ் ஏது? உள்நுழைவை முடித்துவிட்டுத் திறந்தால் எச்சரிக்கை போய்விட வேண்டும்.

போகவில்லையா? அல்லது ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்று வருகிறதா? அதாவது சான்றிதழ் கொடுத்தவர் யாரென்றே போனுக்குத் தெரியவில்லை. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவில் சுத்தமாக வந்து, வைஃபையில் மட்டும் சிவப்பு வந்தால், நடுவில் ஒருவர் கவரைப் பிரித்து ஒட்டப் பார்க்கிறார். ஆபீஸ் நெட்வொர்க்கில் கம்பெனியே அப்படிச் செய்வதுண்டு. பஸ் ஸ்டாண்டில் அதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வைஃபை பெயரை அழுத்திப் பிடித்து, ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு டீயைக் குடியுங்கள்.

சில தளங்களில் ‘அட்வான்ஸ்டு’ தட்டினாலும் உள்ளே விடும் வழியே இருக்காது. பிரவுசர் கெட்டுவிட்டது என்று வேறு பிரவுசர் இறக்கிப் போய்விடும் கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ‘சான்றிதழ் சரியில்லாவிட்டால் எக்காரணம் கொண்டும் விடாதே’ என்று அந்தத் தளமே முன்கூட்டிச் சொல்லிவைத்ததைத்தான் பிரவுசர் கேட்கிறது.

இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு: பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நம்புவது. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே கொடுக்கிறது. போலித் தளக்காரனும் வாங்கிக்கொள்ளலாம். குரோம் 2023-ல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பதற்கு மாற்று கிடையாது.

“ஒரே பேர்ல ரெண்டு வருதுங்க, எதைத் தொடறது?”

ஒரே இடத்தில் பத்து ரவுட்டர் இருந்தாலும், பெயரும் பாதுகாப்பு வகையும் ஒன்றாக இருந்தால் போன் அவற்றைச் சேர்த்து ஒரே வரியாகத்தான் காட்டும். இரண்டு வரியாகக் காட்டினால் இரண்டுக்கும் ஏதோ வித்தியாசம் இருக்கிறது. ஒன்றில் பூட்டு, இன்னொன்றில் பூட்டு இல்லை என்றால் கல்லாவில் ஒரு வார்த்தை: “ஏனுங்ணா, உங்க வைஃபைக்குப் பாஸ்வேர்டு உண்டுங்களா?” உண்டு என்றால் பூட்டில்லாதது அவர்களுடையது அல்ல. கடைப் பெயரோடு ‘ஃப்ரீ’, ‘கெஸ்ட்’, ‘ஃபாஸ்ட்’ என்று வால் சேர்த்திருப்பதும் கேட்டுவிட்டுத் தொடவேண்டியதுதான்.

சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டைப் பெரிய காவல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டீ குடிக்க வந்த யாரும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்துத் தன் போனில் ஹாட்ஸ்பாட் போடலாம்; உங்கள் போனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“நான் தொடவே இல்லீங்க, அதுவா கனெக்ட் ஆகுது”

என்றைக்கோ ஒருநாள் தொட்டிருப்பீர்கள். போன் பெயரை நினைவில் வைத்திருக்கிறது, அதே பெயர் எங்கே கேட்டாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ‘சேவ்டு நெட்வொர்க்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். சேலத்து லாட்ஜ், ஈரோட்டுக் கல்யாண மண்டபம், பொள்ளாச்சியில் இரண்டு வருடம் முன்பு இளநீர் குடித்த இடம் எல்லாம் கிடக்கும். வீடு, கம்பெனி தவிர மீதியை அழித்துவிடலாம். தேவைப்படும் ஒன்றிரண்டில் ஆட்டோ கனெக்டை மட்டும் அணையுங்கள். லேப்டாப்பிலும் இதே வேலை உண்டு; விண்டோஸில் அந்த நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ‘பிரைவேட்’ என்றிருந்தால் லாட்ஜில் பக்கத்து ரூம்காரருக்கு உங்கள் கம்ப்யூட்டர் பெயர் தெரியும். ஃபைல் ஷேரிங் திறந்திருந்தால் அதற்கு மேலும் தெரியலாம்.

“உள்ள போக என்னென்னமோ கேக்குதுங்க”

வைஃபை கொடுக்கிறவர் போன் நம்பரும் ஓடிபியும் கேட்பது முறைதான். லாட்ஜில் ரூம் நம்பர், சில இடங்களில் பெயர். இதோடு நிற்கவேண்டும். ஜிமெயில் பாஸ்வேர்டு, கார்டு நம்பர், யுபிஐ பின் இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டியதுதான். “இந்த ஆப்பை இறக்கினால் வேகமாக வரும்” என்று ஏபிகே (பிளே ஸ்டோரில் இல்லாமல் நேராக இறக்கும் ஆப் ஃபைல்) கொடுத்தாலும் அப்படியே. பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றைப் போனில் நிறுவச் சொல்வது எல்லாவற்றையும் விட மோசம். முன்னே சொன்ன அந்தச் சிவப்பு முக்கோணம் வராமல் செய்வதற்கான சாவியே அதுதான். நிறுவிவிட்டால் எச்சரிக்கை நின்றுபோகும், கவரைப் பிரிப்பது நிற்காது.

ஓடிபி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. போலிப் பக்கத்தில் நீங்கள் நம்பர் போட்ட அடுத்த நொடி, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் அதே நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டு உள்ளே நுழையப் பார்ப்பான். ஆறு இலக்கம் உங்களுக்குத்தான் வரும். அதை வைஃபை ஓடிபி என்று நினைத்து நீங்களே அந்தக் கட்டத்தில் அடித்துக் கொடுத்துவிடுவீர்கள். எஸ்எம்எஸ்ஸில் எண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைப் படிக்காமல் விடுவதுதான் அவனுக்கு வசதி. எண்ணுக்கு முன்னும் பின்னும் இருக்கும் வார்த்தைகளில் யார் அனுப்பினார்கள், எதற்கு என்று இருக்கும். வைஃபை என்றோ அந்த இடத்தின் பெயரோ இல்லாமல் வாட்ஸ்அப் என்றோ வங்கி என்றோ இருந்தால் அடிக்காதீர்கள். ஓடிபியைப் போனே தானாக நிரப்பும்போது இன்னும் கவனம் வேண்டும்.

“ஜிபே சுத்திக்கிட்டே நிக்குதுங்க”

பேக்கரி வைஃபை இழுபறியாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை. யுபிஐ பின் உங்கள் போனிலேயே மறையாக்கப்பட்டுத்தான் வெளியே போகிறது, ஆகவே இதில் திருட்டுப் பயம் குறைவு. ஆனாலும் பணம் அனுப்பும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அனுப்புவது என் வழக்கம். ஒரு டீக் காசு அனுப்ப எத்தனை டேட்டா செலவாகிவிடப் போகிறது? நடுவில் நின்றுவிட்டால் உடனே இன்னொரு முறை அனுப்பாதீர்கள், கணக்கில் போயிருக்கிறதா என்று பாருங்கள். போய்விட்டு எதிராளிக்குச் சேரவில்லை என்றால், ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட கெடுப்படி ஆளுக்கு ஆள் அனுப்பியது மறுநாளுக்குள், கடைக்கு அனுப்பியது 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. “பணத்தைத் திருப்பித் தரோம், பின் போடுங்க” என்று யாராவது கூப்பிட்டால் அவர் யாராக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பணம் வாங்கப் பின் தேவையில்லை.

“விபிஎன் போட்டுட்டாப் போதுமுங்களா?”

கம்பெனியில் கொடுத்த விபிஎன் என்றால் தாராளமாகப் போடுங்கள். பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைப்பது என்றால், பேக்கரிக்காரரை நம்பாமல், முகம் தெரியாத ஒருவரை நம்பி மஞ்சப்பையை அவர் வண்டியில் ஏற்றுகிறீர்கள். பேக்கரிக்காரரையாவது எனக்குத் தெரியும்.

“பையருக்கு என் மெயில்ல இருந்து வேற அக்கவுண்ட் நம்பர் போயிருக்குதுங்ணா”

பனியன் ஊருக்கு இது தனித் தலைவலி. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக, அதாவது சரக்கு வாங்கும் பையர்களோடு ஆர்டர் பேசும் வேலையில், இருக்கும் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வெளியூர் ஓட்டலில் தங்கியபோது அங்கத்து வைஃபையில் மெயில் பார்த்தானாம், அங்கேதான் பாஸ்வேர்டு திருடு போனது என்பது அவன் தீர்ப்பு. உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டேன். அன்று ராத்திரி ‘திருத்திய டெக் பேக்’ (துணியின் அளவு, தையல் விவரம் அடங்கிய ஃபைல்) என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. லிங்கைத் தட்டியதும் மறுபடியும் லாகின் செய் என்று கேட்டிருக்கிறது. ஓட்டல் வைஃபை அடிக்கடி விட்டு விட்டு வந்ததால் அதுதான் காரணம் என்று நினைத்து, அந்தப் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்திருக்கிறான். வீட்டிலிருந்து அடித்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். வைஃபை செய்த ஒரே குற்றம், மறுபடி லாகின் கேட்பதை இயல்பாகத் தோன்ற வைத்தது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது என்றான். தீரவில்லை. ஜிமெயிலைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து செட்டிங்ஸில் இரண்டு இடம் பார்க்கவேண்டும்: ஃபில்டர்கள், ஃபார்வர்டிங். ஃபார்வர்டிங்கைப் போன் ஆப்பில் பார்க்க முடியாது, அதனாலேயே பலர் தவறவிடுகிறார்கள். அவனுடையதில் ஒரு ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ என்ற சொல் வரும் மெயிலெல்லாம் தெரியாத ஒரு முகவரிக்கு நகலாகப் போய், அவன் இன்பாக்ஸில் படாமல் ஒதுங்கிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும். அதை அழித்தோம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினோம். மீட்பு நம்பரும் மீட்பு மெயிலும் அவனுடையதுதானா என்று பார்த்தோம். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். பையருக்கு மெயில் அனுப்பப் போனவனைத் தடுத்து, பழைய விசிட்டிங் கார்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுப் பேச வைத்தேன். அந்த மெயில் திரியில் இன்னும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்?

“எல்லாத்தையும் அடிச்சுக் குடுத்துட்டனுங்க, இப்ப என்ன பண்றது?”

வைஃபையை அணைத்துவிட்டு வங்கிக்குக் கூப்பிடுங்கள். நம்பரைக் கூகுளில் தேடக்கூடாது, கார்டின் முதுகில் இருக்கிறது. கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். அது தாவி முடிக்கும் முன் சொன்னால் நடுவழியில் முடக்க முடியும். அதனால்தான் வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அரைமணி நேரம் அத்தனை விலையுள்ளது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் எழுதலாம். நீங்களே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாலும், வங்கியிடம் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பாருங்கள், தெரியாதது இருந்தால் வெளியே தள்ளுங்கள். மெயில் பாஸ்வேர்டை இன்னொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

ஏபிகே நிறுவியிருந்தால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, கூப்பிடுவது, எழுதுவது எல்லாம் வேறு போனில். அந்த ஆப் எஸ்எம்எஸ்ஸைப் படித்துக்கொண்டிருக்கும், அக்சசிபிலிட்டி அனுமதியும் வாங்கியிருந்தால் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். அழித்தால் அழியாமல் முரண்டு பிடிப்பவை உண்டு. அப்போது ஃபேக்டரி ரீசெட்தான் வழி. போட்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஆப்களைப் பழைய பேக்கப்பிலிருந்து இழுக்காதீர்கள். ரீசெட் செய்வதற்கு முன்னால், வந்த எஸ்எம்எஸ், அந்த வைஃபையின் பெயர், ஆப்பின் பெயர், பணம் போன விவரம் எல்லாவற்றையும் இன்னொரு போன் கேமராவில் படம் பிடித்துவிடுங்கள். துடைத்த போனைக் கொண்டுபோய் சைபர் கிரைம் ஸ்டேஷனில் நின்றால், கேட்பதற்குக் காட்ட எதுவும் இருக்காது.